வேளாங்கண்ணிக்குக் கூப்பிட்டவர்

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்த ஊரில் நான் முதலில் பார்த்த ஆள் அவர்தான். வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில், சேலையைத் தூக்கிச் செருகி, முழங்கால்வரை சேறு காய்ந்த காலோடு, ஆண்கள் போடும் கட்டம் போட்ட துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். என் கையில் ஒரு தகரப் பெட்டி, தோளில் ஒரு பை, மாதா கோயில் பங்குப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேரச் சொல்லி வந்த கடிதம். எனக்கு இருபத்து மூன்று வயது. கும்பகோணத்தை விட்டுத் தனியாக வெளியூர் வந்தது அதுதான் முதல் தடவை.

"புது டீச்சருங்களா?" என்று கேட்டார். நான் தலையாட்டுவதற்குள் பெட்டியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். பாலத்தைத் தாண்டியிருக்க மாட்டோம், "வர்ற வியாழக்கெழம வேளாங்கண்ணிக்கு நடக்குறோம். நீங்களும் வாங்களேன்," என்றார்.

"எனக்கு அவ்வளவு தூரம் நடந்து பழக்கமில்லைங்க."

"பஸ்ஸ விட்டு எறங்கி இவ்வளவு தூரம் நடந்துட்டீங்கல்ல. இதே மாதிரிதான். நிறுத்தாம நடந்தா மூணாம் நாள் கடல் வந்துரும்."

வியாழக்கிழமை நானும் நடந்தேன்.

ஒரு மனிதரைப் பார்த்துவிட்டுச் சும்மா தாண்டிப் போவது அவரால் முடியாத காரியம். எங்கேயாவது கூப்பிட்டுவிட வேண்டும். தன் வீட்டு விசேஷமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மாட்டுக்கு ஊசி போட வந்த டாக்டரைப் பக்கத்து வீட்டு வளைகாப்புக்குக் கூப்பிடுவார். கொசு மருந்து அடிக்க வந்த ஆள், முதுகில் மருந்து டின்னோடு, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய, முன்பின் தெரியாத ஒரு பிள்ளையின் புதுநன்மை விருந்தில் உட்கார்ந்து பாயசம் குடித்ததை நானே பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர்கள் முகத்தைச் சுளித்தால், "அவரும் சாப்பிடாமத்தானே நிக்கிறாரு," என்பார். அதற்கு மேல் அவருக்கு ஒரு காரணம் தேவைப்படவில்லை.

அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். நெட்டையான உருவம். முன்பற்களுக்கு நடுவில் நல்ல இடைவெளி. தெற்குத் தெருவில் நடவு நடும் பெண்களுக்கு அவர்தான் தலைவி. இருபத்தைந்து பெண்களை அதிகாலையில் வீடு வீடாகக் கூப்பிட்டுச் சேர்த்து வயலில் இறக்குவார். அந்தத் தொழிலில்தான் கூப்பிடும் வழக்கம் வந்ததா, அல்லது அந்தக் குரலுக்காகத்தான் அந்த வேலை அவரைத் தேடி வந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னைக் கடைசிவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

இந்தப் பழக்கத்தின் பாரத்தைச் சுமந்தவர் அவருடைய கணவர். அதிகம் பேசாதவர். வேளாங்கண்ணி நடையில் அரிசி, பாத்திரம், விறகு ஏற்றிய மாட்டுவண்டியை ஓட்டுவதும் அவர்தான், தங்கும் இடத்தில் சமைப்பதும் அவர்தான். நாங்கள் நீடாமங்கலத்துக்குக் கிழக்கே இருந்த எங்கள் ஊரிலிருந்து புறப்படும்போது அறுபது பேர் இருப்போம். சாயங்காலம் அடுப்பு மூட்டும்போது எழுபத்தைந்து பேர் இருப்போம். அவர் உலையைப் பார்ப்பார், மனைவியைப் பார்ப்பார், பிறகு ஒன்றும் சொல்லாமல் குழம்பில் இன்னும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவார். மூன்றாம் நாள் குழம்பில் புளி இருந்ததா என்பது விசுவாசத்தைப் பொறுத்த விஷயம்.

என்னுடைய முதல் நடையில் அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருவர் எங்கள் ஊர்க் கழகத்துக்காரர். கறுப்பு சிவப்புக் கரை வேட்டி, தடித்த மூக்குக்கண்ணாடி, சாமி கிடையாது என்று யாரிடமும் எந்த நேரத்திலும் நிரூபிக்கத் தயாராக இருப்பவர். நாங்கள் புறப்பட்ட அன்று காலை, பாலம்வரை வந்து வழியனுப்புகிறேன் என்று சொல்லிக்கொண்டு கூடவே வந்தார். உண்மையில் பாலம்வரை எங்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டு வருவதுதான் திட்டம்.

"கல்லுக்கும் மண்ணுக்கும் நடக்குற நேரத்துல ரெண்டு பத்திரிகை படிங்கம்மா," என்றார்.

"சரிங்கண்ணே. இந்தக் கொடைய ஒரு நிமிஷம் புடிங்க, குழந்தைக்கு வெயில் படுது," என்று அக்கா தன் குடையை அவர் கையில் கொடுத்தார். ஒரு பெண்ணின் இடுப்பில் இருந்த கைக்குழந்தைக்கு அவர் குடை பிடித்தார். பேச்சு நடந்தது. கடவுள் இருக்கிறாரா என்பதில் அக்கா எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் இன்னொரு கேள்வி கேட்டார். பாலம் போனது, அடுத்த ஊர் போனது, கொரடாச்சேரி தாண்டி மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவர் இன்னும் குடையைப் பிடித்தபடி, சூரியன் எப்படி உண்டானது என்று விளக்கிக்கொண்டிருந்தார். திருவாரூரில் பஸ் ஏறித் திரும்பியிருக்கலாம். குழந்தை அவர் தோளில் தூங்கிவிட்டது.

வேளாங்கண்ணியில் அவர் கோயிலுக்குள் வரவில்லை. "என் கொள்கை இருக்குது," என்றார். "இருக்கட்டும்ணே, நீங்க செருப்பப் பாத்துக்குங்க," என்றார் அக்கா. எழுபது ஜோடி செருப்புக்கு நடுவில் உட்கார்ந்து அவர் பேப்பர் படித்தார். அடுத்த வருஷம் நாள் குறிப்பதற்கு முன்பே பங்குச் சாமியாரிடம் போய், "எப்ப கெளம்புறீங்க? செருப்புக்கு ஆள் வேணும்ல," என்று கேட்டாராம்.

அந்த நடையிலேயே நாகப்பட்டினத்தில் ஒரு சர்பத் கடையில் நின்றோம். கடைக்காரர் முஸ்லிம். எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் பெரிய பானையில் நன்னாரி சர்பத் கலக்கி ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தார், காசு வேண்டாம் என்றார். உள்ளே திரைக்குப் பின்னால் அவர் மனைவி எட்டிப் பார்த்தார். அக்கா விடுவாரா.

"ஏங்க, நீங்களும் வாங்களேன். ரெண்டு மணி நேரத்துல போயிரலாம்."

"இத்தன வருஷம் இங்கயே இருக்குறேன், போனதே இல்ல," என்று அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார்.

கணவர் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டே, "போய்ட்டு வா. சாயந்தரம் பஸ்ல வந்து நான் கூட்டிக்கிறேன்," என்றார். அந்த அம்மாளும் இரண்டு பெண் பிள்ளைகளும் எங்களோடு நடந்தார்கள். கடற்காற்று அடிக்க ஆரம்பித்ததும் பிள்ளைகள் எங்களுக்கு முன்னால் ஓடினார்கள். அடுத்த கந்தூரிக்கு நாகூருக்கு வரச்சொல்லி அவர்கள் வீட்டிலிருந்து கார்டு வந்தது. அக்கா தெற்குத் தெருப் பெண்கள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். அவர்கள் கூப்பிட்டது அக்காவை மட்டும்தான்.

இதெல்லாம் கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. எல்லா நேரமும் அப்படி இல்லை.

கழக ஆட்சி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. டெல்டா முழுக்க நிலத்தைப் பற்றியும் கூலியைப் பற்றியும்தான் பேச்சு. நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து எங்கள் ஊர் மிராசுதார் இன்னும் பிறக்காத பேரன் பெயரில்கூட நிலம் எழுதிவைத்துவிட்டார் என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் எங்கள் பங்கைச் சேர்ந்தவர்தான். கோயிலில் முன்வரிசை பெஞ்சு அவர் குடும்பத்துக்கு. வலது பக்கம் ஊர்த்தெருக்காரர்கள், இடது பக்கம் தரையில் தெற்குத் தெருக்காரர்கள். வேளாங்கண்ணி நடையிலும் அவர்தான் வெள்ளிச் சிலுவை வைத்த கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போவார். அவர் குடும்பத்துக்குத் தனி வண்டி, தனிச் சமையல், சாப்பிடத் தனி மரத்தடி.

என்னுடைய இரண்டாவது வருஷம் சம்பா நடவுக்கு முன்னால், கூலி உயர்த்தாமல் வயலில் இறங்க மாட்டோம் என்று தெற்குத் தெருப் பெண்கள் சொல்லிவிட்டார்கள். சொன்னவர் அக்கா. சங்கத்தின் சிவப்புக் கொடியைக் கொண்டுவந்து வரப்பில் நட்டவர் அவருடைய தம்பி. இருபத்தெட்டு வயது. அம்மா சிறு வயதில் இறந்ததால் அக்காதான் அவரைத் தூக்கி வளர்த்தவர். நாற்று நாளுக்கு நாள் முற்றிக்கொண்டிருந்தது. முற்றின நாற்றை நட்டால் தூர் வெடிக்காது, விளைச்சல் போய்விடும். மிராசுதார் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெளியூரிலிருந்து லாரியில் நடவு ஆட்களை இறக்கினார்.

அவர்களைக் களத்துக் கொட்டகையில் தங்க வைத்திருந்தார்கள். எல்லோரும் பெண்கள், மானாவாரிப் பக்கத்து ஆட்கள், அந்த வருஷம் அவர்கள் ஊரில் மழை இல்லை. விடிந்ததும் அக்கா அங்கே போய் நின்றார். கல் எறியப் போகிறார் என்று நினைத்துக் காவலுக்கு இருந்தவன் தடியை எடுத்தான்.

"எங்க தெருவுல கஞ்சி காய்ச்சியிருக்கோம்," என்றார் அக்கா அந்தப் பெண்களிடம். "சாப்பிட்டுப் போங்களேன்."

அவர்கள் வந்தார்கள். கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது பேச்சு வளர்ந்தது. விஷயம் புரிந்ததும் அவர்கள் வயலுக்குப் போகவில்லை, நடந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். சங்கத்தில் எல்லோரும் அக்காவின் சாமர்த்தியத்தைப் புகழ்ந்தார்கள். தம்பி அக்காவைத் தோளோடு பிடித்துத் தூக்கினார். அக்காவுக்கு அந்தப் புகழ்ச்சி விளங்கவில்லை. "பாவம், ராத்திரியிலேர்ந்து பட்டினி," என்று என்னிடம் சொன்னார்.

இரண்டாவது லாரி வந்தபோது போலீஸும் வந்தது. நாற்றங்காலில் உட்கார்ந்திருந்தவர்களை அடித்து எழுப்பினார்கள். தம்பியின் இடது கை முழங்கைக்குக் கீழே ஒடிந்தது. அவரையும் இன்னும் ஒன்பது பேரையும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் இடது பக்கம் காலியாகக் கிடந்தது. பிரசங்கத்தின் முடிவில் சாமியார், இந்த வருஷம் வேளாங்கண்ணி நடை இல்லை என்று அறிவித்தார். அக்கா மட்டும் வந்து கடைசியில் நின்றிருந்தார். பூசை முடிந்ததும் வாசலில் சாமியாரை நிறுத்தினார்.

"ஏன் சாமி இல்லைன்னீங்க?"

"ஒத்துமை இல்லாம மாதாகிட்ட போயி என்னம்மா செய்யப்போறோம்?"

"ஒத்துமையா இருந்தா வீட்லயே இருந்துரலாமே சாமி. இல்லாததாலதான் போவணும்ங்கிறேன்."

சரி என்று சாமியார் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

தெற்குத் தெரு மட்டும் தனியாக நடப்பது என்று முடிவானது. வெள்ளிச் சிலுவைக் கொடி மிராசுதார் வீட்டில் இருந்தது. பழைய நீலச் சேலை ஒன்றைக் கிழித்து மூங்கிலில் கட்டிக் கொடி செய்தார்கள். புறப்படுவதற்கு முதல்நாள் தம்பி ஜாமீனில் வந்தார். கட்டுப்போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, மற்றொரு கையில் கொடியைப் பிடித்து முன்னால் நின்றார். ஊர்த்தெருவிலிருந்து வந்தவர்கள் இரண்டே பேர்: கழகத்துக்காரர், நான். சாமியார் கோயில் படியில் நின்று எங்களை ஆசீர்வதித்தார், கூட வரவில்லை.

கூட்டம் மெயின் ரோட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் அக்கா இடது பக்கம் திரும்பினார். மிராசுதார் வீடு அந்தப் பக்கம். என்ன ஏது என்று தெரியாமல் எல்லோரும் பின்னால் போனோம். இரும்புக் கேட்டுக்கு முன்னால் நின்று, வயலில் ஆள் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டார்.

"ஐயா, வேளாங்கண்ணிக்குப் போறோம். வீட்ல எல்லாரும் வாங்க."

மாடியில் ஒரு ஜன்னல் பாதி திறந்து நின்றது. தம்பி அக்காவுக்குப் பக்கத்தில் வந்தார்.

"ஒனக்கு என்ன பைத்தியமா? என் கையப் பாரு. இத ஒடைக்கச் சொன்ன ஆளக் கூப்பிடுற."

"ஒன் கையப் பாத்துட்டுத்தான்டா கூப்பிடுறேன். அந்த ஆளு இங்கயே ஒக்காந்திருந்தா இன்னும் எத்தன கைய ஒடைப்பாரோ. வந்து மாதா முன்னால நிக்கட்டும்."

"அவரு வந்தா நான் வர மாட்டேன்."

"நீயும் வரணும், அவரும் வரணும்."

தம்பி கொடியைக் கேட்டில் சாய்த்து வைத்துவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தார். அவரோடு ஏழெட்டு இளைஞர்கள் போனார்கள். கேட் திறக்கவில்லை. ஜன்னலும் மூடிக்கொண்டது. மூங்கில் மெல்லச் சரிய ஆரம்பித்தது. அதை எடுக்க யாரும் முன்வரவில்லை. நான் போய் எடுத்தேன். மிராசுதார் பள்ளிக்கூடக் கமிட்டியில் இருக்கிறார், என் வேலை அவர் கையில் இருக்கிறது என்பதெல்லாம் அரை மைல் நடந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அப்போது தோன்றியது, கொடி மண்ணில் விழக்கூடாது என்பது மட்டும்தான்.

அன்று முழுக்க அக்காவிடம் யாரும் பேசவில்லை. அவருடன் வருஷக்கணக்காக ஒரே வரிசையில் நாற்று நட்ட பெண்கள் பத்தடி தள்ளி நடந்தார்கள். ஒருத்தி என் காதில் விழும்படி, "அவளுக்கு யாரு வேணும் யாரு வேண்டாம்னே தெரியாது," என்றாள். அக்கா காதிலும் விழுந்திருக்கும். அவர் தன் பாட்டுக்கு ஜெபமாலை சொல்லிக்கொண்டே நடந்தார். வழியில் பனையேறும் கிழவர் ஒருவரைப் பார்த்து வழக்கம்போல வாங்களேன் என்றார். அவரும் பின்னால் வந்தவர்களின் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய் வேண்டாம் என்றார்.

இரண்டாம் நாள் மத்தியானம், கீழ்வேளூருக்கு இந்தப் பக்கம் ஒரு மாந்தோப்பில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். ரோட்டில் ஒரு பஸ் வந்து, நிறுத்தமே இல்லாத இடத்தில் நின்றது. கையில் ஒரு துணிப்பையோடு ஒரு பெண் இறங்கினார். கிட்டே வந்த பிறகுதான் மிராசுதாரின் மனைவி என்று தெரிந்தது. கழுத்தில் தாலிச் சங்கிலி தவிர நகை இல்லை. கல்யாணமாகி வந்த இருபது வருஷத்தில் தனியாகப் பஸ் ஏறியது அன்றுதானாம். நீலக் கொடியோடு நடந்து போகிறவர்களை எங்கே பார்த்தாலும் இறக்கிவிடுங்கள் என்று கண்டக்டரிடம் சொல்லி வைத்திருந்தாராம்.

நேராக அக்காவிடம் வந்தார்.

"வீட்ல எல்லாரும்னு சொன்னியே. அதுல நானும் உண்டுதானே?"

"உண்டும்மா," என்றார் அக்கா.

"அவருக்குத் தெரியாது. கடுதாசி எழுதி வச்சிட்டு வந்தேன்."

வரிசையாக இலை போட்டிருந்தது. தனி மரத்தடி இல்லை, தனி வண்டி இல்லை. அந்த அம்மாள் ஒரு கணம் நின்று பார்த்தார். அவருக்குப் பாய் விரிக்க வேண்டுமா என்று யாரோ எழுந்தார்கள். "வேண்டாம்," என்று சொல்லிவிட்டு, நடவுப் பெண்களுக்கு நடுவில், முந்தின நாள் அக்காவை ஏசின பெண்ணுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அக்காவின் கணவர் சோறு போட்டார், குழம்பு ஊற்றினார். எல்லோரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிசைந்து ஒரு வாய் வைத்தார். இரண்டாவது வாய் வைத்தார். பிறகு தயங்கி, "குழம்புல உப்பு இருக்குதா?" என்று கேட்டார்.

பக்கத்தில் இருந்த பெண் பட்டென்று சிரித்துவிட்டாள். "உப்பா? நேத்தே தீந்துபோச்சும்மா. இவரு ஊத்துறதெல்லாம் வெறும் வாய்க்கால் தண்ணி." சிரிப்பு இலை இலையாகத் தாவி அந்தப் பக்கம்வரை போனது. அந்த அம்மாளும் சிரித்தார். அக்காவின் கணவர் மட்டும் சிரிக்காமல், கரண்டியோடு நின்று, "அரிசி போதுமான்னு யாராச்சும் கேட்டீங்களா?" என்றார். அவர் ஒரு முழு வாக்கியம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் நடக்கும்போது அந்த அம்மாள் பாட ஆரம்பித்தார். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது பாடகர் குழுவில் இருந்தவராம். அவருக்கு அப்படி ஒரு குரல் உண்டு என்று முன்வரிசை பெஞ்சுக்குப் பின்னால் இருந்த எங்கள் யாருக்கும் தெரியாது. அவர் ஒரு அடி பாட, நாங்கள் திருப்பிப் பாட, சிக்கல்வரை போனதே தெரியவில்லை. அங்கே அவர் கால் கொப்புளம் உடைந்தது. அக்காவை ஏசின அதே பெண் விளக்கெண்ணெய் தடவித் துணி கட்டிவிட்டாள்.

மூன்றாம் நாள், வேளாங்கண்ணிக் கோபுரம் தென்னைகளுக்கு மேல் வெள்ளையாகத் தெரிந்தபோது, கடைத்தெரு ஆரம்பிக்கும் இடத்தில் மிராசுதாரின் கார் நின்றிருந்தது. அவர் அதில் சாய்ந்து நின்றிருந்தார். இரண்டு நாள் சவரம் செய்யாத முகம். மனைவியைப் பார்த்து, "வண்டில ஏறு," என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை.

"இவங்களோட உள்ள போய்ட்டு வர்றேன்," என்றார் அந்த அம்மாள்.

கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. போன மாதம் நாற்றங்காலில் அடி வாங்கியவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஒரு சொல் தவறினாலும் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. அக்கா முன்னால் வந்தார்.

"ஐயா, நீங்களும் வாங்களேன். இன்னும் ஒரு பர்லாங்குதான்."

மிராசுதார் அவரைப் பார்த்தார். மனைவியின் காலில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, கழகத்துக்காரர் போய் வாங்கிக்கொண்டார். "நான் உள்ள வர மாட்டேங்க. கொள்கை," என்று அவரிடமும் விளக்கம் சொன்னார்.

அவரை முன்னால் வரச்சொல்லி யாரும் வழிவிடவில்லை. அவரும் கேட்கவில்லை. கடைசி ஆளாக, மாட்டுவண்டிக்குப் பக்கத்தில் மணலில் நடந்து வந்தார். கோயிலுக்குள் இடம் வலம் என்று எதுவும் இல்லை. இடித்துப் பிடித்துக்கொண்டு எல்லோரும் ஒன்றாக நின்றோம்.

அந்த ஒரு பர்லாங்கில் கூலிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். திரும்பி வந்த பிறகு எங்கள் பள்ளிக்கூடத்தில், சாமியாரை நடுவில் வைத்து நாலு நாள் பேசினார்கள். கத்தினார்கள், எழுந்து போனார்கள், திரும்ப வந்தார்கள். அக்கா ஒவ்வொரு தடவையும் எழுந்து போனவரின் பின்னாலேயே போய்க் கூப்பிட்டு வந்தார். கேட்டதில் பாதி கிடைத்தது. மீதி அடுத்த வருஷம் இன்னொரு போராட்டத்துக்குப் பிறகு கிடைத்தது. வழக்குகளை மிராசுதார் நடத்தாமல் விட்டுவிட்டார். நாற்று முற்றிப்போனதால் அந்த வருஷம் அவருக்கு விளைச்சல் பாதிதான்.

ஆனால் தம்பி அக்காவிடம் பேசவில்லை. கை கூடியது, கொஞ்சம் கோணலாக. ஒரே தெருவில் நாலு வீடு தள்ளி இருந்துகொண்டு, அக்கா வரும் பக்கம் பார்க்காமல் போவார். கோயிலுக்கும் வருவதில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் அக்கா அவர் வீட்டு வாசலில் நின்று, "தம்பி, பூசைக்கு வா," என்பார். உள்ளே இருந்து பதில் வராது. நல்லது கெட்டதுக்கும் இதே கதைதான். அடுத்த வருஷம் வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டபோதும் போய்க் கூப்பிட்டார். அவர் கதவைத் திறக்கவே இல்லை. அந்த வருஷம் சாமியாரும் வந்தார், ஊர்த்தெருவும் வந்தது, நூறு பேருக்கு மேல் நடந்தோம். வழி முழுக்க ஆள் சேர்த்துக்கொண்டே வந்த அக்கா, சாப்பிட உட்காரும்போது மட்டும் பக்கத்தில் ஓர் இலை அகலத்துக்கு இடம் விட்டு உட்கார்ந்தார். நான் ஒருமுறை அங்கே உட்காரப் போய், அவர் கணவர் கண்ணைக் காட்டியதும் தள்ளி உட்கார்ந்தேன்.

என்னுடைய நான்காவது வருஷம்தான் அங்கே கடைசி வருஷம். கல்யாணம் நிச்சயமாகி, மாற்றலும் கிடைத்திருந்தது. புறப்படும் அன்று காலை அக்கா தம்பி வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டார். பதில் இல்லை. புறப்பட்டோம். மெயின் ரோட்டுக்கு வந்து கால் மணி நேரம் ஆகியிருக்கும். பின்னால் யாரோ வேகமாக நடந்து வரும் சத்தம். நான் திரும்பிப் பார்த்தேன். தம்பி. தோளில் ஒரு துண்டு, கையில் ஒன்றும் இல்லை. கூட்டத்தைத் தாண்டி வந்து, அக்காவுக்குப் பக்கத்தில் சேர்ந்து நடக்க ஆரம்பித்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

அக்காவும் பார்க்கவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை. நான்கு வருஷத்தில் அவர் வாய் மூடி நடந்து நான் பார்த்தது அன்றுதான். எதிரே ஒரு வளையல்காரர் போனார். வரப்பில் இரண்டு பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். டீக்கடையில் பத்துப் பேர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒருவரையும் கூப்பிடவில்லை. வாயைத் திறந்தால் தம்பி திரும்பிப் போய்விடுவாரோ என்று பயந்தவர்போல நேராகப் பார்த்து நடந்தார். அவர் கணவர் வண்டியை மெதுவாக்கி, கவலையோடு எட்டிப் பார்த்தார்.

தம்பிதான் முதலில் பேசினார்.

"காலு வலிக்குதா?"

"இல்ல."

"அப்பறம் ஏன் பேசாம வர்ற?"

"நீ வந்துட்ட," என்றார் அக்கா. "இன்னும் யாரக் கூப்பிடறது?"

தம்பி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையா என்னவோ. அக்காவும் முந்தானையால் மூக்கைச் சிந்தினார்.

அந்த மௌனம் அடுத்த மதகுவரைதான் தாங்கியது. மதகடியில் ஒருவர், இருநூறு முந்நூறு வாத்துகளை வாய்க்காலிலிருந்து கரையேற்றிக்கொண்டு, எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். அக்கா நின்றுவிட்டார்.

"அண்ணே, வேளாங்கண்ணிக்குப் போறோம். நீங்களும் வாங்களேன்."

அவர் தன் வாத்துகளைக் காட்டினார். "இதுங்கள யாரு பாத்துக்கறது?"

"அதுங்களையும் ஓட்டிக்கிட்டு வாங்க. வழி பூராத் தண்ணிதானே."

தம்பி சிரித்த சிரிப்பில் முன்வரிசை வாத்துகள் மறுபடி வாய்க்காலில் குதித்தன. அந்த மனிதர் கோலை ஊன்றிக்கொண்டு எங்களையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். உண்மையாகவே யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.